பூங்காவுக்குள் இருந்த பதினேழாம் எண் வீடு

நாத்தனாரைப் பற்றி நாலு நல்ல வார்த்தை எழுத உட்கார்ந்த முதல் ஆள் அநேகமாக நானாகத்தான் இருப்பேன். என் வீட்டுக்காரரின் அக்கா அவர். நான் அண்ணி என்று கூப்பிடுவேன். இருபத்தாறு வருஷம் ஒரே கூரை, ஒரே அடுப்பு, ஒரே தண்ணீர்க் குழாய். நாங்கள் சண்டை போடாத நாட்களை எண்ணிப் பார்த்தால், இரண்டு பேரில் ஒருவர் காய்ச்சலில் படுத்திருந்த நாட்களாக இருக்கும். அண்ணிக்கு வாய் நீளம். எனக்குக் குட்டை என்று யாரும் சொன்னதில்லை.

எங்கள் பகுதிப் பூங்காவுக்கு முதன்முதலில் குழாய் பிடித்துத் தண்ணீர் விட்டவர் அண்ணிதான். இன்றைக்கு அங்கே கையை வீசிக்கொண்டு நடக்கிறவர்கள் யாருக்கும் அது தெரியாது. அந்தப் புல்லுக்கு ஒரு சாண் கீழே நாற்பத்தொரு வீடுகளின் அஸ்திவாரம் கிடப்பதும் தெரியாது. தெரிந்து என்ன ஆகப்போகிறது. பேய்க்கதை என்றாலே எனக்கு எரிச்சல் வரும் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். யாராவது ஆரம்பித்தால் எழுந்துபோய்ப் பாத்திரம் தேய்க்கிறவள் நான். அண்ணியும் அப்படித்தான். அதனால்தான் அவர் சொன்னதை நான் நம்ப வேண்டியிருக்கிறது. கொஞ்சத்தை நானே கண்ணால் பார்த்தும் இருக்கிறேன்.

பூங்கா வருவதற்கு முன்னால் அது ஒரு தெரு. இரண்டு வரிசை வீடுகள். ஒரு வீட்டின் சுவரே அடுத்த வீட்டுக்கும் சுவர். அடியில் ஓடிய பழைய சாக்கடை உடைந்து மண்ணை அரித்துக்கொண்டே இருந்ததில் சுவர்களெல்லாம் விரிசல் விட்டுவிட்டன. கதவைச் சாத்தினால் திறக்காது, திறந்தால் சாத்தாது. குடியிருக்க லாயக்கில்லை என்று நகராட்சி ஆபீசில் முடிவு செய்து, ஊர்க்கோடியில் நாலு மாடிக் கட்டடங்களில் ஆளுக்கொரு வீடு ஒதுக்கினார்கள். ஒரே ஒரு கண்டிப்பு. பழைய வீட்டுச் சாவியை ஒப்படைத்த பிறகு அதற்குள் கால் வைத்தது தெரிந்தால், ஒதுக்கிய வீடு ரத்து. இதை நோட்டீஸ் அடித்து எல்லாக் கதவிலும் ஒட்டினார்கள். அந்த மண்ணில் இனி எதுவும் கட்ட முடியாது என்பதால், பூங்கா என்று எழுதிவிட்டார்கள்.

இடிக்கிற வேலை ஒரு மேஸ்திரிக்குப் போனது. அவருடைய ஆட்களில் என் வீட்டுக்காரர் ஒருவர், அண்ணியின் கணவர் ஒருவர். அண்ணியின் கணவரை நான் அண்ணன் என்று கூப்பிடுவேன். ஆள் வாசல் நிலையில் இடிக்கிற உயரம், குரல் மட்டும் பக்கத்தில் இருக்கிறவருக்கே பாதிதான் கேட்கும். எதற்கெடுத்தாலும் "மெதுவா, மெதுவா" என்பார். வீடு இடிக்கிற ஆளுக்கு 'மெதுவா' என்று பட்டப்பெயர் வைத்து மற்றவர்கள் சிரிப்பார்கள். அவரும் சேர்ந்து சிரிப்பார்.

அந்தத் தொழிலில் ஒரு வழக்கம் இருந்தது. 'கடைசிக் கை' என்பார்கள். சுவரில் கயிறு கட்டி மேஸ்திரி விசில் ஊதினால் எல்லாரும் வெளியே வந்துவிட வேண்டும். விசிலுக்கும் இழுப்புக்கும் நடுவே ஒரே ஒருவர் உள்ளே ஓடி, விட்டுப்போன குழாய், கொக்கி, தாழ்ப்பாள் எதையாவது கழற்றிக்கொண்டு வருவார். அன்றைய டீச் செலவுக்கு. முறை வைத்துப் போவார்கள். மேஸ்திரி வேறு பக்கம் பார்ப்பார். எல்லாருக்கும் தெரிந்த திருட்டு என்பதால் அதை யாரும் திருட்டு என்று சொல்வதில்லை.

பதினாறாம் எண் வீட்டைத் தரைமட்டமாக்கிய அன்று, அதை ஒட்டியிருந்த பதினேழாம் எண் வீட்டில் மறுநாள்தான் கை வைப்பதாக இருந்தார்கள். ஆனால் பதினாறு விழுந்ததும் பதினேழின் சுவர் புடைத்துக்கொண்டு வந்தது. இப்படியே விட்டுவிட்டுப் போக முடியாது, இப்போதே இழுத்துவிடலாம் என்று மேஸ்திரி சொல்லிவிட்டார். விசில் ஊதினார். எல்லாரும் தெருப்பக்கம் ஓடி வந்தார்கள். அண்ணன் மட்டும் திரும்பி உள்ளே போனார். கயிற்றை யாரும் தொடவில்லை. கூரை தானாகவே இறங்கிவிட்டது. மண்ணையும் கல்லையும் தள்ளி அவரை வெளியே எடுக்கச் சாயங்காலம் ஆனது. அவர் சட்டைப் பையில் ஒரு பித்தளைத் தாழ்ப்பாள் இருந்தது.

ஆபீஸ் தாளில் ஒரே ஒரு வரி எழுதினார்கள். எச்சரிக்கைக்குப் பிறகும், பொருள் எடுக்கும் நோக்கத்துடன் கதவு எண் பதினேழுக்குள் நுழைந்ததால் உடனடி மரணம். மேஸ்திரி அப்படித்தான் வாக்குமூலம் கொடுத்தார். கூட இருந்தவர்கள் யாரும் வாயைத் திறக்கவில்லை, என் வீட்டுக்காரர் உள்பட. திறந்தால் முறை வைத்துப் போன அத்தனை பேர் வேலையும் போகும். இரக்கப்பட்டு அண்ணிக்கு ஒரு வேலை கொடுத்தார்கள். அதையும் அங்கேயே கொடுத்தார்கள். புருஷன் செத்த மண்ணுக்குத் தினமும் தண்ணீர் ஊற்றுகிற வேலை.

ஒருநாள் குழாயடியில் ஒருத்தி, 'திருடப் போய்ச் செத்தவன் பொண்டாட்டி' என்று அண்ணி காதுபடச் சொன்னாள். அண்ணி பதில் பேசவில்லை. அண்ணி பதில் பேசாமல் நான் பார்த்தது அதுதான் முதல் தடவை, எனக்குப் பயமாகிவிட்டது. வீட்டுக்கு வந்து குடத்தை இறக்கிவிட்டு என்னிடம் சொன்னார்.

"அவரு ஒரு துருப்பிடிச்ச ஆணியைக்கூட வீட்டுக்குக் கொண்டு வந்தது கிடையாது. அவர் முறை வந்தா, போயிட்டு வெறுங்கையோட வருவாருன்னு உன் புருஷனே சொல்லியிருக்கான். அப்புறம் எதுக்கு உள்ள போனாரு? அது மட்டும் எனக்குத் தெரியணும். அந்த ஒரு வரியை அழிக்காம நான் சாகமாட்டேன்."

பூங்கா திறந்த முதல் வாரமே அண்ணி சாப்பிட உட்கார்ந்து சாப்பிடாமல் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். என்ன என்று கேட்டேன். "அங்க வர்றவங்க சரியில்ல" என்றார்.

பன்னிரண்டு பெஞ்சு போட்டிருந்தார்கள், பச்சைப் பெயின்ட் அடித்து. ஒன்றிலும் ஆள் இல்லை. வருகிறவர்களெல்லாம் புல்லில் உட்கார்ந்தார்கள். புல்லில் உட்காராதீர்கள் என்ற பலகைக்கு அடியிலேயே உட்கார்ந்தார்கள். அதுகூடப் பரவாயில்லை. வெட்டவெளியில் நேராக நடந்து வருகிறவர், நடுப் புல்லில் நின்று, சடாரென்று வலது பக்கம் திரும்பி, நாலடி நடந்து, மறுபடி இடது பக்கம் திரும்புவார். ஒன்றுமே இல்லாத இடத்தில் செருப்பைக் கழற்றி ஓரமாக வைப்பார். பிறகு ஒரு பெரிய அடி எடுத்து வைத்து, உட்காருவார்.

பழைய தெருவிளக்குக் கம்பங்களில் நாலை மட்டும் பிடுங்காமல் விட்டிருந்தார்கள். அந்தக் கம்பத்திலிருந்து அடி அளந்து எண்ணி, அவரவர் வீட்டை அவரவர் கண்டுபிடித்துவிட்டார்கள். வந்து உட்கார்ந்தது பூங்காவில் இல்லை. அவரவர் வீட்டில்.

நம்பாமல் நான் ஒரு சாயங்காலம் போய்ப் பார்த்தேன். முப்பது நாற்பது பேர் இருந்தார்கள். சத்தமே இல்லை. மூன்றடி தள்ளி உட்கார்ந்திருந்த இரண்டு குடும்பங்கள் ஒன்றை ஒன்று பார்த்துக்கொள்ளவே இல்லை. நடுவில் சுவர் இருக்கிறதே, எப்படிப் பார்ப்பார்கள். கதர் சட்டை போட்ட ஒருவர் நின்றபடி கையைத் தூக்கி, காற்றில் ஒரு இடத்தில் விரலால் அமுக்கிவிட்டு, பிறகு உட்கார்ந்தார். லைட் போடுகிறார் என்பது புரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது. அப்போது பின்னால் ஒரு அம்மாள், "யாரும்மா நீ, குளிக்கிற எடத்துல வந்து நிக்கிற?" என்றார். வெட்கத்தோடு நகர்ந்தேன். நகர்ந்த பிறகுதான் அங்கே வெறும் புல்தான் இருக்கிறது என்பது உறைத்தது. ஏன் வெட்கப்பட்டேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை.

புல்லில் உட்காருகிறவர்களை எழுப்புவதற்காக ஆபீசில் அண்ணிக்கு ஒரு விசில் கொடுத்திருந்தார்கள். அதை அவர் எங்கள் வீட்டுத் தையல் டப்பாவுக்குள் போட்டு மூடிவிட்டார். ஒரு வருஷத்தில் அண்ணிக்கும் அந்தச் சுவர்களெல்லாம் மனப்பாடம். எந்த வீட்டுக்காரராவது 'குனிஞ்சு வாம்மா, நிலை தட்டும்' என்றால் குனிந்து போவார். "கண்டக்டர் வீட்டுக்குத் தண்ணி விட்டாச்சு, வாத்தியார் வீட்டுல பாதி பாக்கி" என்று வீட்டில் வந்து சொல்வார். நான் சிரிப்பேன். என் வீட்டுக்காரர் சிரிக்கமாட்டார். அவர் அந்தப் பூங்காவின் கேட்டைக்கூடத் தாண்டியதில்லை. பஸ்சுக்குப் போக அது குறுக்கு வழி, ஆனாலும் மனுஷர் ஊரைச் சுற்றித்தான் போவார்.

இத்தனை பேர் வீடும் தெரிந்த அண்ணிக்குத் தெரியாதது ஒன்றே ஒன்றுதான். பதினேழாம் எண் எது? வராதவர்களின் வீடுகள் நடுநடுவே இருந்ததால் எண்ணிப் பார்க்கவும் வழியில்லை. என் வீட்டுக்காரரைக் கேட்டால் எழுந்து வெளியே போய்விடுவார். அங்கே வருகிறவர்கள் யாரைக் கேட்டாலும் சொல்லியிருப்பார்கள். கேட்டால், உனக்கு எதுக்கு என்று திருப்பிக் கேட்பார்கள். நான்தான் அந்தத் திருடன் பெண்டாட்டி என்று அவர்கள் முன்னால் சொல்ல அண்ணிக்கு நாக்கு எழவில்லை. அப்படியே ஏழு வருஷம் ஓடியது.

அங்கே வருகிறவர்களில் ஒரு அம்மாவை அண்ணிக்குப் பிடித்துப்போனது. தையல் கடைகளுக்குச் சட்டையின் பட்டன் துளைகளில் காஜா எடுத்து, பட்டன் தைத்துக் கொடுக்கிறவர். எல்லாரும் காஜா அக்கா என்பார்கள். தனிக்கட்டை. மற்றவர்கள் சாயங்காலம் வந்தால் இவர் காலையிலேயே வந்துவிடுவார். ஒரு பை நிறையச் சட்டை, ஒரு பிஸ்கட் டின்னில் ஊசி நூல். புல்லில் ஒரே இடத்தில் உட்கார்ந்து வெயில் சாயும்வரை தைப்பார். அண்ணி தினமும் அவருக்கு ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுபோய்க் கொடுப்பார். இரண்டு பேரும் அதிகம் பேசிக்கொள்ளமாட்டார்கள். அண்ணி யாரிடமாவது குறைவாகப் பேசினார் என்றால் அது அவரிடம்தான்.

காஜா அக்கா வருகிறபோது எல்லாரையும் போலச் செருப்பைக் கழற்றி, வாசல் வழியாக வருவார். போகிறபோதுதான் விசேஷம். பையைத் தோளில் மாட்டி, எழுந்து, பக்கவாட்டில் நாலடி போய் நிற்பார். சேலையை முழங்கால்வரை தூக்கிப் பிடித்துக்கொண்டு, தலையை நன்றாகக் குனிந்து, ஒரு காலை உயரமாகத் தூக்கி அந்தப் பக்கம் வைப்பார். பிறகு இன்னொரு கால். அந்தப் பக்கம் போனதும் திரும்பி நின்று, தலையைச் சாய்த்துக் கொஞ்ச நேரம் இருப்பார். உதடு அசையும். அப்புறம் சுற்றிவந்து செருப்பைப் போட்டுக்கொண்டு போய்விடுவார்.

அந்தப் பக்கத்து வீட்டுக்காரர் ரிடையரான பஸ் கண்டக்டர். அவருக்கு இதில் பெரிய குறை.

"அந்தம்மாகிட்ட நீயாவது சொல்லக்கூடாதா? தினம் எங்க வீட்டு சமையக்கட்டு வழியாப் போறாங்க. கதவு கிடையாது, ஒண்ணும் கிடையாது. சுவத்துல புகுந்து வர்றாங்க. பார்த்தா எங்க வீட்டம்மாவுக்குப் படபடன்னு வருது."

இல்லாத சுவருக்குள் புகுந்து வருகிறார் என்று ஒரு புகார். அண்ணி என்னிடம் வந்து சொன்னார். நான் வயிறு வலிக்கச் சிரித்தேன். இப்போது நினைத்தால் சிரிப்பு வரவில்லை.

ஏழாவது வருஷம் மழை பொய்த்துவிட்டது. மரங்களுக்கு மட்டும் வாளியில் ஊற்று, புல்லுக்குச் சொட்டுத் தண்ணீர் விடாதே என்று ஆபீசில் உத்தரவு. மூன்றாவது வாரம், தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க அண்ணி மேல்தொட்டி ஏணியில் ஏறினார். மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, திரும்பிக் கீழே பார்த்தார்.

தெரு வந்திருந்தது.

அஸ்திவாரக் கல்லுக்கு மேலே மண் கனமில்லை, அதனால் அங்கே இருந்த புல் முதலில் காய்ந்துவிட்டது. பச்சைக்குள் மஞ்சளாகக் கோடுகள். கூடம், உள்ளறை, சமையலறை, குளிக்கிற இடம் என்று நாற்பத்தொரு வீடும் வரைந்து வைத்தாற்போல் கிடந்தன. வாசல் இருந்த இடங்களில் கோடு விட்டுவிட்டு ஓடியது. ஏழு வருஷமாக அவர்கள் உட்கார்ந்த இடம், திரும்பிய மூலை, எதுவும் ஒரு விரற்கடை தப்பவில்லை. ஏணியிலிருந்து எப்படி இறங்கினேன் என்று தெரியாது என்றார் அண்ணி.

அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை என்பதால் காலையிலேயே வந்தவர்கள், கோட்டுக்கு வெளியிலேயே நின்றுவிட்டார்களாம். கண்ணுக்குத் தெரியாதபோது கூசாமல் உள்ளே போய் உட்கார்ந்தவர்களுக்கு, தெரிந்த பிறகு கால் வரவில்லை. ஒவ்வொருவராகத் திரும்பிப் போய்விட்டார்கள்.

அண்ணி போகவில்லை. யாரையும் கேட்கத் தேவையில்லாமல் இப்போது வாசல்களை எண்ணலாம். பூங்கா கேட்டுப் பக்கத்திலிருந்து ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டே நடந்தார். பதினைந்து. பதினாறு, கண்டக்டர் வீடு. பதினேழின் வாசலில் ஒரு ஜோடி செருப்பு இருந்தது. உள்ளே காஜா அக்கா தைத்துக்கொண்டிருந்தார். ஊரே திரும்பிப் போன அன்றும் அவர் மட்டும் உள்ளே வந்து உட்கார்ந்திருக்கிறார்.

"அக்கா, உள்ள வரலாமா?"

"வாம்மா. என்ன புதுசாக் கேக்குற."

அண்ணி உள்ளே போய், அந்தப் பக்கவாட்டுக் கோட்டைக் காலால் தொட்டுக் காட்டினார்.

"நீங்க போற பக்கம் கதவு கிடையாது அக்கா. கோடு முழுசா ஓடுது பாருங்க. அந்தப் பக்கம் கண்டக்டர் சமையக்கட்டு. அவர் வீடு நின்னுட்டிருந்த வரைக்கும் நீங்க அந்தப் பக்கம் காலே வச்சிருக்க முடியாது."

காஜா அக்கா ஊசியைச் சட்டைக் காலரில் குத்தி வைத்தார்.

"அவர் வீட்டை இடிச்ச அன்னிக்கு நீங்க இதுக்குள்ள இருந்திருக்கீங்க."

"யார் சொன்னா?"

"நீங்கதான். தினம் சாயங்காலம் சொல்லிட்டுப் போறீங்க."

காஜா அக்கா பிஸ்கட் டின்னை மூடி ஓரமாக வைத்தார். பிறகு, "நீ ஆபீசுக்குச் சொல்லப்போறியா?" என்று கேட்டார்.

"நான் அவரு பொண்டாட்டி" என்று சொல்லி அவர் எதிரில் உட்கார்ந்தார் அண்ணி. ஏழு வருஷத்தில் அந்தப் பூங்காவுக்குள் அவர் அதைச் சொன்னது அன்றைக்குத்தான்.

அதற்குப் பிறகு காஜா அக்கா சொன்னதை அண்ணி என்னிடம் அப்படியே சொல்லியிருக்கிறார், நூறு தடவையாவது.

"புது வீட்டுல வெளிச்சம் இல்லம்மா. சுத்திக் கட்டடம். காஜா எடுக்குறவளுக்கு வெளிச்சம் இல்லேன்னா என்ன இருக்கு. சாவியை ஒப்படைச்சேன், ஆனா என்கிட்ட இன்னொண்ணு இருந்துச்சு. தினம் பின்பக்கமா வந்து என் ஜன்னலடியில உக்காந்து தச்சிட்டுப் போவேன். எங்க வீட்டை மறுநாள்தான் இடிப்பாங்கன்னு கேள்விப்பட்டேன். திடீர்னு சுவரு முனகுது. பின்கதவைத் திறந்தா வரல, நிலை சாஞ்சு இறுகிடுச்சு. கத்தவும் பயம். கதவை மெதுவாத் தட்டினேன். விசில் சத்தத்துக்கு எல்லாரும் ஓடுறாங்க, ஒருத்தர் மட்டும் திரும்பி வர்றாரு. வெளியிலேர்ந்து தாழ்ப்பாளைப் பிடிச்சு இழுத்தாரு. அது அவர் கையோட பிடுங்கிட்டு வந்துடுச்சு."

"கீழ போட்டா யார் காலையாவது கிழிக்கும்னு பையில போட்டுக்குவாரு" என்றார் அண்ணி. "வீட்டுலயும் அப்படித்தான். சட்டை துவைக்கும்போது பூராவும் கண்ணாடிச் சில்லு."

"சுத்தி ஓடி, பதினாறு இருந்த பக்கமா வந்து, கடப்பாரையால முட்டி உயரத்துல ஒரு ஓட்டை போட்டாரு. எனக்குக் கைகால் ஓடல. அவரே உள்ள வந்து என்னைப் பிடிச்சு வெளிய விட்டாரு. 'மெதுவா, மெதுவா. தலையைக் குனிஞ்சுக்கங்க'ன்னாரு. நான் இந்தப் பக்கம் காலை வச்சேன். பின்னாடி கூரை இறங்கிடுச்சு."

"அப்பவே போயிட்டாரு இல்ல?" என்று அண்ணி கேட்டார். தாளில் உடனடி மரணம் என்றுதான் எழுதியிருந்தது.

காஜா அக்கா இல்லை என்று தலையாட்டினார்.

"உள்ளேர்ந்து கேட்டாரு. 'அம்மா, வெளிய போயிட்டீங்களா?'ன்னு. மூணு தடவை கேட்டாரு. நான் ஒரு முழம் தள்ளி நிக்கிறேன். ஒரே தூசி, என்னை யாரும் பார்க்கல. போயிட்டேன்னு சொன்னா மேஸ்திரி காதுல விழும். நான் உள்ள இருந்தது தெரிஞ்சா வீடு போயிடும். வாயை ரெண்டு கையாலயும் மூடிக்கிட்டு நின்னேன். நாலாவது தடவை அவர் கேக்கல. நான் பின்பக்கமா ஓடிட்டேன்."

அண்ணி எழுந்து நின்றுவிட்டார்.

"இப்பவும் கேக்குறாரும்மா. தினம், இதே எடத்துல, அதே மூணு தடவை. போயிட்டேன்யா, போயிட்டேன்யான்னு ஏழு வருஷமாச் சொல்லிட்டிருக்கேன். என் குரல் அவருக்குப் போய்ச் சேரல. அன்னிக்குச் சொல்லியிருக்கணும்."

"கை ஓங்கிட்டேன்" என்று அண்ணி பிறகு என்னிடம் சொன்னார். "ஏழு வருஷமா உனக்குத் தண்ணி கொண்டாந்து குடுத்தேனேடின்னு கத்திட்டேன். அந்தம்மா நகரவே இல்ல. அடின்னு முகத்தைக் காட்டிட்டு உக்காந்திருக்கு. நான் எங்க அடிக்கிறது."

மத்தியானம் வீட்டுக்கு வந்த அண்ணியின் முகத்தைப் பார்த்து எனக்குப் பாதி உயிர் போய்விட்டது. என் வீட்டுக்காரரை உட்காரவைத்துச் சொன்னார். கேட்டு முடித்ததும் அவர் தலையைக் குனிந்துகொண்டு, "அன்னிக்கு முறை என்னுதுக்கா" என்றார். "சுவரு புடைச்சு நின்னுச்சு, நான் பயந்து நின்னுட்டேன். மாமா திரும்பி ஓடினாரு. எனக்குப் பதிலாத்தான் போறாருன்னு நெனச்சேன். இத்தனை வருஷமா அப்படித்தான் நெனச்சிட்டிருக்கேன்."

"நெனச்சும் ஒரு வார்த்தை சொல்லல நீ. திருடன்னு எழுதினப்போ பார்த்துட்டு நின்ன."

அண்ணி அவரைக் கன்னத்தில் ஒன்று விட்டார். என் புருஷனை என் கண் முன்னால் அடித்த ஒரே ஆள் அவர்தான். நான் தடுக்கவில்லை. அவரும் கையைத் தடுக்கவில்லை.

தாள் விஷயத்தை இங்கேயே சொல்லி முடித்துவிடுகிறேன், எனக்கு ஆபீஸ் கதைகள் பிடிக்காது. காஜா அக்காவும் என் வீட்டுக்காரரும் போய் வாக்குமூலம் கொடுத்தார்கள். ஐந்து மாதம் அலையவிட்டு, அந்த வரியை அடித்துவிட்டு வேறு வரி எழுதிக் கொடுத்தார்கள். ஓர் உயிரைக் காப்பாற்றும்போது இறந்தார் என்று. காஜா அக்காவின் வீட்டை யாரும் ரத்து செய்யவில்லை. அப்படி ஒரு விதி இருந்ததே அங்கே யாருக்கும் ஞாபகம் இல்லை. அதற்குப் பயந்துதான் அந்த அம்மா ஒரு வார்த்தை பேசாமல் நின்றிருக்கிறார்.

எனக்கு மறக்காமல் இருப்பது அந்தத் தாள் இல்லை. கன்னத்தில் அடித்த அன்று சாயங்காலமும், அதற்கு மறுநாள் காலையும்தான்.

அன்று சாயங்காலம் கேட்டைப் பூட்டுகிற நேரத்தில், கூட வா என்று அண்ணி என்னை இழுத்துக்கொண்டு போனார். பூங்காவில் ஒருவரும் இல்லை. கண்டக்டர் வீட்டுச் சமையலறையில், அந்த மஞ்சள் கோட்டுக்குப் பக்கத்தில் போய் நின்றார். "எனக்கு ஒண்ணும் கேக்கல. உனக்குக் கேக்குதா?" என்றார். இல்லை என்றேன். காற்றுகூட இல்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு, சாப்பாடு ஆறுது வாங்க என்று வீட்டில் அண்ணனைக் கூப்பிடுவாரே, அந்தக் குரலில் சொன்னார்.

"அந்தம்மா வெளிய வந்துட்டாங்க. ஒரு கீறல் இல்ல. நல்லா இருக்காங்க. நீங்க கேட்டது போதும். போங்க."

மறுநாள் ஆபீசுக்குப் போவதற்காக நாங்கள் மூன்று பேரும் பூங்கா கேட்டில் காத்திருந்தோம். என் வீட்டுக்காரர் அன்றைக்குத்தான் முதன்முதலாக அந்தக் கேட்டுக்கு உள்ளே வந்து நின்றார். காஜா அக்கா கஞ்சி போட்ட சேலை கட்டிக்கொண்டு வந்தார். "வீட்டுக்குப் போயிட்டு வந்துடறேன்" என்று சொல்லிவிட்டுப் புல்லுக்குள் போனார். நாங்கள் பின்னாலேயே போனோம். வாசலில் செருப்பைக் கழற்றினார். உள்ளே போனார். சேலையைத் தூக்கிப் பிடித்து, குனிந்து, கோட்டைத் தாண்டி, அந்தப் பக்கம் போய்த் தலையைச் சாய்த்து நின்றார்.

நின்றுகொண்டே இருந்தார். வழக்கத்தைவிட ரொம்ப நேரம். உதடு அசையவே இல்லை. பிறகு அண்ணியைத் திரும்பிப் பார்த்தார். அவர் முகத்தில் அப்படி ஓர் ஆச்சரியம்.

"இன்னிக்குக் கேக்கல" என்றார்.

"நல்லாக் கேளுங்க."

"இல்லம்மா. போயிட்டாரு."

அண்ணி சந்தோஷப்படுவார் என்று நான் நினைத்தேன். அவர் அப்படியே அந்தக் காய்ந்த கோட்டின்மேல் உட்கார்ந்துவிட்டார். கையால் தரையைத் தடவினார். அவர் வாய்விட்டு அழுததை அண்ணன் செத்த அன்றுகூட நான் பார்க்கவில்லை, அன்றைக்குப் பார்த்தேன்.

"ஏழு வருஷமா இங்கயே இருந்திருக்காரு" என்று என்னிடம் சொன்னார். "நான் குழாயைப் பிடிச்சுக்கிட்டு மேலயே நடந்திருக்கேன். நேத்து ஒரே ஒரு தடவை பேசினேன். என்னைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லலை. போங்கன்னு சொல்லிட்டேனே."